ஐந்துக்கு ஐந்து

சென்னை
8-2-1999

செல்வி அன்புச்செல்விக்கு,

படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும் இந்தக் கடிதத்தைத் தமிழிலேயே எழுதுகிறேன். எனக்குப் புரியவில்லை சார் என்ற பேச்சு பிறகு வரக் கூடாது.

கோயம்புத்தூர், மேட்டுப்பாளையம், பவானி ஆகிய இடங்களில் தகெமுரா கார் வைத்திருப்பவர்களைச் சந்தித்து நீங்கள் நிரப்பிய அறுபத்து நான்கு படிவங்களும் வந்து சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் இருபத்திரண்டு கேள்விகள். இருக்கை, கதவு, பிரேக், மைலேஜ், சர்வீஸ் என்று ஒவ்வொன்றிலும் எவ்வளவு திருப்தி என்று கேட்டு, ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் வாங்கிவர வேண்டும். உங்கள் படிவங்களில் அறுபத்தொன்றில் எல்லாக் கேள்விக்கும் ஐந்து. ஹாரனுக்கு ஐந்து. டிக்கிக்கு ஐந்து. சாம்பல் கிண்ணத்துக்குக்கூட ஐந்து. அந்த மாடலில் சாம்பல் கிண்ணம் முழுதாகத் திறப்பதே இல்லை என்பது ஜப்பானில் இருக்கிற கம்பெனிக்கே தெரியும்.

மதுரையில் சராசரி மூன்று புள்ளி நான்கு. சேலத்தில் மூன்று புள்ளி ஆறு. சென்னையில் மூன்றைத் தொடவில்லை. இங்குள்ளவர்கள் காரைத் திட்டியதோடு நிற்காமல் கேட்கப் போன பையன்களையும் திட்டி அனுப்பினார்கள். கோயம்புத்தூரில் மட்டும் தேவலோகத்துக் கார் ஓடுகிறதா?

பத்தொன்பது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். புளியமரத்தடியில் உட்கார்ந்து படிவம் நிரப்புகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள்கூட இடையிடையே ஒரு நான்கு, ஒரு மூன்று போட்டு வைப்பார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

இந்தத் தொழிலில் ஒரு பட்டியல் உண்டு. பொய்ப் படிவம் கொடுப்பவர்களின் பெயர் அதில் ஏறும், சென்னையில் உள்ள ஏழு ஆய்வு நிறுவனங்களுக்கும் போகும். பெயர் ஏறிவிட்டால் அப்புறம் சோப்பு சர்வேயிலும் வேலை இல்லை, சேமியா சர்வேயிலும் வேலை இல்லை. ஏறிய பெயர் இதுவரை இறங்கியதில்லை. பத்து நாளுக்குள் விளக்கம் தேவை.

ஞா. சாமுவேல்
களப்பணி மேலாளர்


பீளமேடு
13-2-1999

மதிப்பிற்குரிய சார்,

வணக்கமுங்க. உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அடுத்த வேலையைப் பற்றி எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். இந்த வேலைக்கு வந்தபிறகு நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

அறுபத்து நான்கு வீடுகளுக்கும் நான் போனேன். வெயிலில் போனேன், பஸ்ஸில் போனேன், பவானியில் ஆற்றோரம் தப்பான தெருவுக்குள் போய்த் திரும்பி வந்தேன். பவானி பொங்கியண்ணன் ஜமக்காள வியாபாரம் செய்பவர். அவருடைய காரில் பின்சீட்டுக்கு உறை கிடையாது, அவர் கடைச் சரக்கையே மடித்துப் போட்டிருக்கிறார், சிவப்பும் பச்சையும் கோடு போட்டது. மேட்டுப்பாளையம் பழனியாத்தாள் அம்மா பாக்கு மண்டி வைத்திருப்பவர். அவர் காரில் ஏறினால் பச்சைப் பாக்கு வாசனை மூக்கில் ஏறும். உருளைக்கிழங்கு மண்டி மைதீன் பிச்சை ஐயா, காருக்கு வெயில் படக் கூடாது என்று தென்னங்கீற்றில் தனியாகப் பந்தல் போட்டிருக்கிறார். அதில் அவருடைய ஸ்கூட்டருக்கு இடமில்லை. இதெல்லாம் புளியமரத்தடியில் தெரியுமா, சார்?

ஐந்து போடாத மூன்று பேரைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. அவர்களில் ஒருவர் சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பேங்க் அதிகாரி. ஒருவர் திருச்சிக்காரர். மூன்றாமவர் உள்ளூர்தான், ஆனால் அன்று மனைவியோடு சண்டை. எல்லாவற்றுக்கும் இரண்டு போடச் சொன்னார்.

மற்றவர்களிடம் நான் படிவத்தில் இருக்கிற மாதிரியே கேட்டேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள் என்று இரண்டு தடவை கேட்டேன். அஞ்சுக்கு மேல இல்லையா கண்ணு என்று திருப்பிக் கேட்டவர்கள் நாலு பேர். எங்கள் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் யாரும் குறை சொல்வதில்லை. அதற்கு நான் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் தோட்டங்களில் களை எடுத்தவர். இப்போது இங்கே ஒரு காலேஜ் விடுதிச் சமையல்கட்டில் இருக்கிறார். இந்த மாதிரி வீடுகளுக்கு நாங்கள் எப்போதும் பின்பக்கமாகத்தான் போவோம். முன்வாசல் வழியாகப் போய், நாற்காலியில் உட்காரச் சொல்லி உட்கார்ந்தது, உங்கள் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனபோதுதான். சில வீடுகளில் எந்த ஊரு, யாரு வீட்டுப் பொண்ணு என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு காப்பியை வேறு டம்ளரில் கொடுத்தார்கள். அங்கேயும் குடித்துவிட்டுத்தான் கேள்வி கேட்டேன். அப்படிப்பட்ட வேலையை நான் மரத்தடியில் உட்கார்ந்து கெடுத்துக்கொள்வேனா?

எந்த வீட்டுக்கு வேண்டுமானாலும் ஆள் அனுப்பிக் கேளுங்கள். பட்டியலில் என் பெயரைப் போடாதீர்கள்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி


சென்னை
1-3-1999

செல்வி அன்புச்செல்விக்கு,

ஆள் அனுப்பச் சொன்னீர்கள். உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே அனுப்ப முடிவு செய்துவிட்டேன். கோவிந்தராஜுலு என்பவர் நம் அலுவலகத்தின் மறுசரிபார்ப்பு ஆள், இருபது வருட அனுபவம். உங்களுக்குச் சொல்லாமல் வந்து ஆறு வீடுகளுக்குப் போய்விட்டு வந்தார். ஆறு வீட்டிலும் சாப்பாடு. திரும்பி வரும்போது அவர் கையில் ஒரு சாக்குத் தேங்காயும் ஒரு ஜமக்காளமும் இருந்தன. அதைப் பற்றி அவரிடம் தனியாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் நேரில் போனது உண்மை என்று அவர் சொல்கிறார். அந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் எழுதி வந்திருக்கிற வேறொரு விஷயம் உங்களுக்கு நல்லதாக இல்லை. ஆறு பேரில் நான்கு பேர், காரைப் பற்றிக் கேட்டால் உங்களைப் பற்றித்தான் பேசினார்கள். அந்தப் புள்ளை நல்ல புள்ளை, அதுக்கு ஒண்ணும் ஆயிராதுங்களே என்று கேட்டிருக்கிறார்கள். மேட்டுப்பாளையத்து அம்மாள் ஒருவர் இன்னும் ஒருபடி மேலே போய், "அஞ்சு பத்தாதுன்னா நான் வேணும்னா ஒரு லெட்டரு எழுதித் தாரனுங்க" என்றிருக்கிறார்.

இதற்கு அர்த்தம் எனக்கு விளங்குகிறது. வேலை போய்விடும், குறைத்துப் போடாதீர்கள் என்று வீடு வீடாகக் கெஞ்சியிருக்கிறீர்கள். மரத்தடியில் நிரப்புவதும் கெஞ்சி நிரப்புவதும் எனக்கு ஒன்றுதான். இரண்டிலும் காரைப் பற்றி ஒரு செய்தியும் கிடையாது.

பட்டியலில் சேர்ப்பதா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வாய்ப்புத் தருகிறேன். புதுப் படிவங்கள் அறுபத்து நான்கு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எல்லா வீடுகளுக்கும் மறுபடி போய், ஒழுங்காகக் கேட்டு, இருபதாம் தேதிக்குள் அனுப்பவும். ஜப்பானிலிருந்து கம்பெனி அதிகாரி 29-ஆம் தேதி வருகிறார். கம்பெனியின் வரலாறு அச்சிட்ட துண்டுப் பிரசுரத்தையும் வைத்திருக்கிறேன், வீட்டுக்கு ஒன்று கொடுங்கள். தறி செய்ய ஆரம்பித்தவர்கள், உலக யுத்தத்துக்குப் பிறகு சைக்கிளில் என்ஜின் வைத்தார்கள், அப்புறம் கார் செய்தார்கள் என்று கதை நன்றாகவே இருக்கிறது.

படிவத்தில் உள்ள கேள்விக்கு மேல் நீங்களாக ஒரு கேள்வி கூட்டக் கூடாது. கூட்டினால் வேலைநீக்கம். இந்த விதியை எழுதியவன் நான்தான்.

ஞா. சாமுவேல்


பீளமேடு
17-3-1999

மதிப்பிற்குரிய சார்,

வணக்கமுங்க. நான் யாரிடமும் கெஞ்சவில்லை. கெஞ்சினேன் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் படிவங்களை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஏழு வீடுகளில் மறுபடியும் ஐந்துக்கு ஐந்துதான். எட்டாவது பழனியாத்தாள் அம்மா வீடு. இருபத்திரண்டு கேள்வியும் முடிந்து, பேனாவைப் பையில் போட்டு எழுந்துவிட்டேன். அப்போது அவருக்குக் கோபியிலிருந்து போன் வந்தது. பேசியவர் அவருடைய சம்பந்தியம்மா, மகளைக் கட்டிக்கொடுத்த வீடு. அவர்களும் தகெமுரா வாங்கலாம் என்று இருக்கிறார்கள், வண்டி எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். நான் நிற்பதையே மறந்துவிட்டு அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"வேண்டாமுங்க சம்பந்தி. ஊருக்குள்ள ஓட்டறதுக்குத் தங்கமாட்டத்தான் இருக்குது. மலையெறங்கறப்ப பிரேக்கு மிதிச்சா காலு தரைக்குப் போயிருதுங்க. புள்ளைக்குட்டிகள ஏத்தீட்டு வந்து உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உங்க ஊட்டுக்கு வாரது?"

போனை வைத்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது, சார். ஏனுங்கம்மா, பிரேக்குக்கு என்னிடம் இரண்டு தடவை ஐந்து சொன்னீர்களே என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"அது உனக்குப் போட்ட மார்க்கு கண்ணு. வண்டிக்கு யாரு மார்க்குப் போட்டா?"

எனக்கு நின்ற இடத்திலேயே விளங்கிவிட்டது. கையில் படிவமும் பேனாவும் வைத்துக்கொண்டு ஒரு பெண் வீடு வீடாக வந்து மார்க் கேட்கிறாள். இந்தப் புள்ளை பரீட்சை எழுதுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். குறைத்துப் போட்டால் எனக்குத்தான் குறையும் என்று நினைத்து அறுபத்தொரு பேரும் என்னைப் பாஸாக்கியிருக்கிறார்கள். கோவிந்தராஜுலு ஐயா போனபோது என்னைப் பற்றிக் கேட்டதும் அதனால்தான். பெரிய ஆபீசர் வந்திருக்கிறார், புள்ளை ஃபெயிலாகிவிட்டதோ என்று பயந்திருக்கிறார்கள்.

அதன்பிறகு நான் உங்கள் விதியை மீறினேன். ஒளிக்காமல் சொல்கிறேன். படிவத்தை முடித்து, மூடி, பைக்குள் வைத்துவிட்டு, வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டேன், முதல் ஏழு வீடுகளுக்கும் திரும்பப் போய்க் கேட்டேன். உங்கள் சம்பந்தி இந்த வண்டி வாங்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். எங்கள் பக்கம் சம்பந்திக்கு யாரும் தப்பாக ஒரு பொருளைச் சொல்லிவிட மாட்டார்கள். சொல்லிவிட்டால் ஒவ்வொரு விசேஷத்திலும் அதைச் சொல்லிக் காட்டுவார்கள், பெண்ணைக் கொடுத்த வீட்டில் தலைகுனிவு. அந்தக் கேள்வியைக் கேட்டதும் எல்லாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பேசினார்கள். வெளியே வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்.

ஐம்பத்தெட்டுப் பேரைத்தான் இந்தத் தடவை பார்க்க முடிந்தது. முன்பக்கம் முழுக்க ஐந்து. பின்பக்கத்தைப் படியுங்கள். முப்பத்து நான்கு பேர் தாராளமாக வாங்கலாம் என்கிறார்கள், மைலேஜையும் சர்வீஸையும் மனசாரப் புகழ்கிறார்கள். மற்றவர்களுக்குக் கதவு, ஏசி, டிக்கி என்று ஆளுக்கொரு குறை. ஆனால் மேட்டுப்பாளையத்திலும் பக்கத்துக் காரமடையிலும் பதினோரு பேர் ஒரே விஷயத்தைச் சொல்கிறார்கள். கோத்தகிரி ரோட்டில் இறங்கும்போது, ஏழெட்டு வளைவு தாண்டியதும் பிரேக் பிடிப்பதில்லை. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தால் சரியாகிவிடுகிறது. மைதீன் பிச்சை ஐயா குன்னூரில் கல்யாணம் என்றால் காரைப் பந்தலில் விட்டுவிட்டுக் குடும்பத்தோடு பஸ்ஸில் போகிறார். கார் வாங்கி மூன்று வருடமாக இப்படி. சர்வீஸில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அங்க இருக்கற பசங்க அத்தனை மரியாதையாப் பேசறாங்க, எப்படிம்மா சொல்றது என்றார். பதினோரு பேரில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவரவர், தன் வண்டிக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பவானி பொங்கியண்ணன் மலைக்குப் போகிறவர் இல்லை. அவர் அந்தத் துண்டுப் பிரசுரத்தை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார். கம்பெனியை ஆரம்பித்தவர் முதலில் செய்தது தறி, நூல் ஒன்று அறுந்தாலும் தானாக நின்றுவிடுகிற தறி என்று அதில் இருக்கிறது. அதைப் படித்ததும் என்னைத் திரும்ப உட்கார வைத்தார். தறி செஞ்சவங்களா, அப்ப அவங்களுக்குச் சொன்னா வெளங்கும் என்றார். சம்பந்தியைப் பற்றி நான் கேட்பதற்கு முன்பே, கதவு ரப்பரில் ஆரம்பித்து ஒரு மணி நேரம் குறை சொன்னார். அவருடைய படிவத்தில் பின்பக்கம் போதாமல் தனித்தாள் இணைத்திருக்கிறேன்.

மரியாதையாகப் பேசுகிறவர்கள் மனதில் என்ன வைத்துக்கொண்டு பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கம் உண்டு. எங்கள் மாதிரி ஆட்களுக்கு அது தெரியாமல் இந்த ஊரில் பிழைக்க முடியாது. இருந்தும் இந்த விஷயத்தில் முதல் தடவை ஏமாந்துதான் போனேன். அதற்கு வருத்தப்படுகிறேன்.

விதியை மீறியதற்கு என்னை நீக்குங்கள், ஏற்றுக்கொள்கிறேன். பொய் சொன்னதாகப் பட்டியலில் மட்டும் போடாதீர்கள்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி


சென்னை
5-4-1999

அன்புள்ள அன்புச்செல்விக்கு,

நேற்று ஈஸ்டர். ஆராதனை முடிந்து வந்து, உங்கள் படிவங்களின் பின்பக்கத்தை மூன்றாவது தடவையாகப் படித்தேன். வீட்டில் திட்டு வாங்கினேன்.

நடந்ததைச் சொல்கிறேன். 29-ஆம் தேதி ஜப்பான்காரர் வந்தார். மதுரை, சேலம், சென்னை எண்களையெல்லாம் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே இருந்தார். கோயம்புத்தூர் எங்கே என்று கேட்டார். முன்பக்கத்தைக் காட்டினால் சிரிப்பார், பின்பக்கத்தைக் காட்டினால் என் விதியை நானே உடைத்ததாகும். ஒரு நிமிடம் யோசித்துவிட்டுப் பின்பக்கத்தைத் திருப்பி, ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். சம்பந்தி என்பதற்கு எனக்கு ஆங்கிலத்தில் வார்த்தை வரவில்லை. பெண்ணைக் கொடுத்த வீடு, அவர்களிடம் பொய் சொன்னால் பெண்ணுக்குக் கஷ்டம் என்று விளக்கினேன். அவர் உடனே புரிந்துகொண்டார். அவருக்கும் இரண்டு மகள்களாம்.

மேட்டுப்பாளையத்துப் பதினொன்றையும் திரும்பப் படிக்கச் சொன்னார். அதன்பிறகு எண்களைப் பார்க்கவே இல்லை. இரண்டு நாளில் அவர்களுடைய பொறியாளர் இருவர் கோத்தகிரி ரோட்டில் ஒரு வண்டியை நாள் முழுக்க ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டார்கள். பதினோரு பேர் சொன்னது சரிதான். மலையடிவாரத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் பிரேக்கில் ஒரு பாகத்தை மாற்றித் தரப் போகிறார்கள். வீடு தேடி வந்து மாற்றுவார்கள், யாரும் சர்வீஸுக்குப் போய் வாய் திறந்து குறை சொல்ல வேண்டியதில்லை.

இனி எல்லா ஊர்ப் படிவத்திலும் இருபத்து மூன்றாவதாக உங்கள் கேள்வி இருக்கும். மே ஒன்றாம் தேதியிலிருந்து கோயம்புத்தூர் மேற்பார்வையாளராக நீங்கள் சேரலாம். இது நிரந்தர வேலை. பீளமேட்டிலேயே ஓர் அறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உங்கள் சம்மதத்தை எழுதவும்.

ஞா. சாமுவேல்


பீளமேடு
11-4-1999

மதிப்பிற்குரிய சார்,

கடிதம் கிடைத்தது. பிரேக் மாற்றுவது பற்றிச் சந்தோஷம்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் சென்னை நிறுவனம் ஒன்று இங்கே சோப்பு சர்வேக்கு ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். உங்களிடமிருந்து பதில் வருவதற்கு முன்பே மனுப் போட்டிருந்தேன், மரியாதைக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அங்கே இருந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. மேஜை டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நீங்கள் கையெழுத்துப் போட்ட பட்டியல். ஆறாவது பெயர் என்னுடையது. எதிரே, மதிப்பெண்களைக் கெஞ்சிப் பெற்றுப் பொய்ப் படிவம் அளித்தவர் என்று எழுதியிருக்கிறது.

தேதி பிப்ரவரி 22, சார். மார்ச் ஒன்றாம் தேதி எனக்கு எழுதிய கடிதத்தில் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். இருபதாம் தேதிக்குள் ஒழுங்காக அனுப்பினால் பெயர் ஏறாது என்று நம்பித்தான் நான் ஐம்பத்தெட்டு வீட்டுக்கு இரண்டாம் தடவை அலைந்தேன். பட்டியலில் ஏற்றிவிட்டு, ஏற்றவில்லை என்று சொல்லி என்னிடம் வேலை வாங்கியிருக்கிறீர்கள். ஏப்ரல் ஐந்தாம் தேதி எழுதிய கடிதத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அங்கே பத்துப் பேர் வரிசையில் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் அவர் படித்தார். அதில் இரண்டு பேர் என்னோடு காலேஜில் படித்தவர்கள்.

மேற்பார்வையாளர் வேலை அப்புறம் இருக்கட்டும். அதே ஏழு நிறுவனங்களுக்கும், அதே மாதிரி கையெழுத்துப் போட்டு, என் பெயரை எடுத்துவிட்டதாக எழுதுங்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்றும் எழுதுங்கள். ஏறிய பெயர் இறங்கியதில்லை என்று முன்பு எழுதினீர்கள். இறக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி


சென்னை
26-4-1999

அன்புள்ள அன்புச்செல்விக்கு,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு வேலை காரணம் இல்லை.

நீங்கள் எழுதியது உண்மை. கோவிந்தராஜுலு திரும்பி வந்த அன்றே பட்டியலை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் கோயம்புத்தூர்ப் படிவங்கள் இல்லாமல் அறிக்கை நிற்காது என்று தெரிந்தது. பெயர் போய்விட்டது என்று சொன்னால் நீங்கள் மறுபடி அலைய மாட்டீர்கள் என்று நினைத்து, யோசிப்பதாக எழுதினேன். பின்னால் யாருக்கும் தெரியாமல் மறந்துபோகும் என்று விட்டுவிட்டேன். இந்த விவகாரத்தில் பொய் எழுதியது நான் ஒருவன்தான்.

ஏழு நிறுவனங்களுக்கும் அனுப்பிய கடிதத்தின் நகல் கீழே. மூன்று இடங்களில் நேரில் போய்க் கொடுத்தேன். ஓரிடத்தில் என்னைவிட வயதில் இளையவர் ஒருவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, சார் நீங்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"22-2-1999 தேதியிட்ட பட்டியலில் ஆறாவது பெயரை நீக்கவும். கோயம்புத்தூர் அன்புச்செல்வி பொய்ப் படிவம் அளிக்கவில்லை, யாரிடமும் கெஞ்சவில்லை. தீர விசாரிக்காமல் நான் எழுதியது தவறு. தவறென்று தெரிந்த பிறகும் திருத்தாமல் இருந்தது அதைவிடப் பெரிய தவறு. அவருடைய ஆய்வினால் தகெமுரா கார்களில் பிரேக் குறை ஒன்று தெரியவந்து சரிசெய்யப்படுகிறது. இந்தக் கடிதத்தைப் பட்டியல் இருக்கும் இடத்திலேயே வைக்கவும். ஞா. சாமுவேல்."

உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இப்போதாவது உங்களுக்குத் திருப்தியா என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும். மே ஒன்றாம் தேதி உங்களை எதிர்பார்க்கிறேன்.

ஞா. சாமுவேல்


பீளமேடு
20-5-1999

மதிப்பிற்குரிய சார்,

வணக்கமுங்க. ஒன்றாம் தேதி நான் வராததால் நீங்களே ஊகித்திருப்பீர்கள். நீங்கள் நேரில் போய்க் கொடுத்த மூன்று நிறுவனங்களில் ஒன்று எனக்குக் கடிதம் எழுதியது. கோயம்புத்தூர், ஈரோடு, நீலகிரி மூன்று மாவட்டத்துக்கும் மேற்பார்வையாளராகக் கூப்பிட்டார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் கூப்பிட்டதாகச் சொன்னார்கள். பத்தாம் தேதி சேர்ந்துவிட்டேன்.

உங்கள் இடத்துக்கு வராததற்கு வேறு காரணம் சொல்லலாம். தூரம், அம்மாவுக்கு உடம்பு என்று ஏதாவது எழுதினால் மரியாதையாக இருக்கும். அப்படி எழுத மனசில்லை. எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது, சார். தீரும், ஆனால் இன்னும் தீரவில்லை. பத்துப் பேர் முன்னால் அந்தத் தாளைப் படித்தபோது என் காதில் விழுந்தது இன்னமும் கேட்கிறது. உங்கள் கீழ் வேலை செய்தால் நீங்கள் நல்லபடியாகவே நடத்துவீர்கள், எனக்குத்தான் ஒவ்வொரு கடிதத்திலும் தேதியைப் பார்க்கத் தோன்றும்.

மேட்டுப்பாளையத்தில் எல்லா வண்டிக்கும் பிரேக் மாற்றியாகிவிட்டது. பழனியாத்தாள் அம்மா தானே முன்சீட்டில் உட்கார்ந்து கோத்தகிரிக்குப் போய் இறங்கி வந்து, கோபிக்குப் போன் போட்டு, இப்ப வாங்கலாமுங்க சம்பந்தி என்று சொல்லிவிட்டார். மைதீன் பிச்சை ஐயா இன்னும் பஸ்ஸில்தான் போகிறார். பழகிவிட்டதாம். இந்தத் தடவை கம்பெனிக்காரர்கள் போய்க் கேட்டபோது ஊரில் பாதிப் பேர் நான்கு போட்டார்களாம். ஒருவர் மூன்று போட்டுவிட்டு, சங்கடப்பட்டுக்கொண்டு ஒரு கூடை கேரட் கொடுத்து அனுப்பினாராம்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டினேன். முதலில் வந்த கடிதத்தையும் எடுத்துப் படித்தேன், அன்று சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டையும் வாங்கி மடித்து வைத்தார். அப்புறம், வயசானவர் வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுவிட்டார், திருப்தின்னு எழுதீரு, அஞ்சே போட்டுரு என்றார். இங்கே யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். மூன்று போடுகிறேன், சார்.

இப்படிக்கு,
அன்புச்செல்வி